முண்டுக் கட்டையிலிருந்து பெரிய மரவை: கடைசலுக்குப் புதியவர்களுக்கு ஒரு விளக்கம்

குமரி மாவட்டத்தின் குலசேகரம், அருமனை, திருவட்டார் பகுதிகளில் வயதான ரப்பர்த் தோட்டத்தை வெட்டி இறக்கும்போது, நேரான தடிகள் லாரியில் ஏறிவிடும். அடிமூட்டில் முண்டும் முடிச்சுமாகப் புடைத்து நிற்கும் துண்டுகள் விறகுக் குவியலுக்குப் போய்விடும். அறுவை மில்லைப் பொறுத்தவரை அது சரியான முடிவுதான். முண்டு விழுந்த மரத்தில் பலகை நேராக வராது. வந்தாலும் காயும்போது முறுக்கிக்கொள்ளும். இழைப்புளி போட்டால் நார் பிய்ந்து எழும். ஆனால் கதவுக்கும் கட்டிலுக்கும் உதவாத அதே துண்டைத்தான் உலகெங்கும் உள்ள கடைசல்காரர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். இருபது அங்குல அகலத்துக்கு ஒரு அலங்கார மரவையை (மரக் கிண்ணத்தை) அதிலிருந்து எப்படிக் கடைந்து எடுக்கிறார்கள், ஒவ்வொரு படியும் ஏன் அப்படி அமைகிறது என்பதை, லேத்தை (மரத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரத்தை)த் தொட்டே பார்க்காத ஒருவருக்கும் விளங்கும்படி இங்கே எழுதுகிறேன்.

முதலில் மனத்தில் பதிய வேண்டியது ஒன்று உண்டு. கட்டில் கால், சப்பாத்திக் குழவி, சொப்புச் சாமான் போன்ற சாதாரணக் கடைசலில் மரத்தின் நார் ஒரே திசையில் ஓடுகிறது. கட்டையின் எடையும் சுழலும் அச்சைச் சுற்றி ஏறக்குறையச் சமமாக இருக்கிறது. முண்டுக் கட்டையில் இந்த இரண்டுமே கிடையாது. நார் எல்லாப் பக்கமும் திரும்பி ஓடுகிறது, எடை ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. பெரிய மரவை கடைவதில் கற்றுக்கொள்ள வேண்டிய எச்சரிக்கைகள், அளவுகள், கருவிகள் அனைத்தும் இந்த இரண்டு உண்மைகளுக்கான பதில்களே. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

முண்டு எப்படி உண்டாகிறது? மரத்தின் பட்டைக்கு உள்ளே, மரத்துக்கு வெளியே, மெல்லிய உயிர்ப்படலம் ஒன்று இருக்கிறது. ஆண்டுதோறும் புதிய மரத்தை உள்பக்கமும் புதிய பட்டையை வெளிப்பக்கமும் உண்டாக்குவது அதுதான். கிளையாக முளைக்கக் காத்திருக்கும் உறங்கு மொட்டுகள் இந்தப் படலத்தை ஒட்டியே இருக்கின்றன. வெட்டுக்காயம், பூச்சி, பூஞ்சை, நோய்க்கிருமி, சில மரங்களில் பிறவி இயல்பு என ஏதோ ஒரு காரணத்தால் ஓரிடத்தில் இந்த மொட்டுகள் கட்டுமீறிப் பெருகத் தொடங்குகின்றன. அவை கிளையாக வெளிவருவதில்லை. அதே சமயம் அழிந்துவிடுவதும் இல்லை. ஒவ்வொரு ஆண்டும் வளரும் மரம் அவற்றைச் சுற்றி மூடுகிறது, மொட்டுகள் மீண்டும் புதிய மேற்பரப்பை நோக்கி நீள்கின்றன, நார்கள் அவற்றைச் சுற்றி வளைந்து போகின்றன. இப்படிப் பல ஆண்டுகள் நடந்தபின் அந்த இடம் பெரும் புடைப்பாக நிற்கிறது. அதை அறுத்துப் பார்த்தால் தெரியும் சின்னச் சின்ன வட்டப் புள்ளிகளைக் கடைசல்காரர்கள் ‘கண்’ என்பார்கள். ஒவ்வொரு கண்ணும் முளைக்காமல் போன ஒரு மொட்டின் தடம்.

நம் பகுதியில் இதற்குக் கண்முன்னே இருக்கும் எடுத்துக்காட்டு ரப்பர் மரம்தான். பால் வெட்டும் கத்தி பட்டையோடு நில்லாமல் உயிர்ப்படலத்தையும் கீறி மரத்தில் பட்டுவிட்டால், அந்தக் காயத்தை மூடும் முயற்சியில் மரம் அங்கே கட்டி கட்டியாகப் புடைக்கிறது. பழைய தோட்டங்களில் வெட்டுப்பட்ட பட்டைப் பகுதி முழுவதும் மேடும் பள்ளமுமாக இருப்பதை எவரும் பார்த்திருக்கலாம். பலா மரத்தின் கதை சற்று வேறு. சக்கை (பலாக்காய்) அடிமரத்திலேயே காய்ப்பதால், காம்பு வந்த இடங்களில் மரத்துக்குள் சிறு முடிச்சுகள் கூட்டம் கூட்டமாகப் பதிந்துவிடுகின்றன. இது முழுமையான முண்டு அல்ல என்றாலும் கடைந்து எடுத்தால் மஞ்சள் நிறத்தில் சுழி சுழியாக அழகான ரேகை கிடைக்கும். வயதான வேம்பின் அடிமரத்தில் பெரும் புடைப்புகள் சாதாரணமாகவே இருக்கும். தென்னையிலும் பனையிலும் மட்டும் முண்டைத் தேட வேண்டாம். ஆண்டுதோறும் தடிக்கச் செய்யும் உயிர்ப்படலம் அவற்றுக்கு இல்லாததால் இத்தகைய வளர்ச்சிக்கே அங்கு இடமில்லை.

முண்டு கிடைக்காவிட்டாலும் அழகான ரேகை தரும் வேறு விதமான மரங்கள் உண்டு. இரு கிளைகள் பிரியும் கவையை நடுவாக அறுத்தால், இரண்டு பக்க நார்களும் ஒன்றையொன்று நெருக்கி மயில் இறகு போன்ற ரேகையை உண்டாக்கியிருப்பது தெரியும். வேர் தொடங்கும் அடிக்கட்டையில் நார் அலை அலையாகச் செல்லும். வெட்டிப் போட்ட மாமரம் மழையில் சில மாதம் கிடந்தால் பூஞ்சை ஏறி, கறுப்பு மையில் வரைந்தது போன்ற மெல்லிய கோடுகள் விழும். இரண்டு பூஞ்சைக் கூட்டங்கள் தத்தம் எல்லையைக் காத்துக்கொள்ள எழுப்பும் தடுப்புகளே அந்தக் கோடுகள். கோடு விழுந்து, மரம் இன்னும் உளுத்துப் போகாமல் இருக்கும் இடைக்காலம் குறுகியது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும் அளவுக்கு மரம் மென்மையாகிவிட்டால் அதைப் பெரிய மரவைக்கு எடுக்கக் கூடாது.

பூவரசையும் தூங்குமூஞ்சி மரத்தையும் தனியாகச் சொல்ல வேண்டும். ஹவாய்த் தீவுகளில் ‘மிலோ’ என்ற பெயரில் காலங்காலமாகச் சாப்பாட்டுக் கிண்ணங்கள் கடைந்த மரம் நம் பூவரசுதான். உணவில் மரத்தின் சுவை ஏறாது என்பதே அதற்குக் காரணம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதே தீவுகளிலிருந்து சுற்றுலாப் பயணிகள் ஏராளமாக வாங்கிச் சென்ற ‘மங்கிபாட்’ கிண்ணங்கள் நம் சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரத்தில் கடைந்தவை. குமரி மாவட்டத்துப் பழைய வீடுகளில் உப்பு வைக்கவும் ஊறுகாய்க்கு மாங்காய் பிசையவும் மரவை இருந்தது. பத்மநாபபுரம் அரண்மனையின் தாய்க் கொட்டாரத்தில் நுண்ணிய செதுக்கலோடு ஒரு பலாமரத் தூண் நிற்கிறது. நல்ல மரமும் அதை அறிந்த கையும் இங்கே புதியவை அல்ல. முண்டை வேண்டுமென்றே தேடிக் கடையும் பழக்கம்தான் புதியது.

மரம் வாங்குவதற்கு முன் சட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சந்தனம், ஈட்டி, செம்மரம் ஆகிய மூன்றையும் உரிய ஆவணம் இல்லாமல் வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. செம்மரம் ஆந்திரத்தின் தென்பகுதி மலைகளுக்கே உரிய மரம். பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இருக்கிறது. ஈட்டி மரத்தின் பேரினம் முழுவதும் 2017 முதல் அதே பட்டியலில் உள்ளது. களியக்காவிளை, புளியரை போன்ற எல்லைகளைத் தாண்டி மரம் கொண்டுவருவதாக இருந்தால், அந்த மரத்துக்கு அனுமதிச்சீட்டு தேவையா என்று வனத்துறையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. ரப்பர், பலா, மா, பூவரசு ஆகியவற்றைத் தொடக்கக்காரர்களுக்கு நான் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொன்றையும் உறுதியாகச் சொல்வேன்: உயிரோடு நிற்கும் மரத்திலிருந்து முண்டை மட்டும் அறுத்தெடுக்கக் கூடாது. அது ஆறுவதற்கு அரிதான பெருங்காயம். உள்ளே அழுகல் இறங்கி மரமே பட்டுப்போகலாம். வேறு காரணத்துக்காக வெட்டிய மரத்தில் கிடைக்கும் முண்டே போதுமானது.

முண்டையும் பூஞ்சை விழுந்த மரத்தையும் குறைபாடுகளாகக் கருதாமல் கலைப்பொருளாக மாற்றும் போக்கு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் வலுப்பெற்றது. மெல் லிண்ட்குவிஸ்ட், அவர் மகன் மார்க் லிண்ட்குவிஸ்ட் ஆகியோர் அதில் முன்னோடிகள். அட்லாண்டாவில் கட்டடக் கலைஞராக இருந்த எட் மோல்த்ராப் (1916–2003) மிகப் பெரிய கலங்களைக் கடைவதற்காகத் தன் லேத்தையும் நீண்ட உளிகளையும் தானே உருவாக்கிக்கொண்டார். வெடிப்பைத் தவிர்க்கப் பச்சை மரத்தைப் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற வேதிப்பொருளின் கரைசலில் ஊறவைத்தார். அமெரிக்க மரக்கடைசல்காரர் சங்கம் 1986-இல் தொடங்கியபோது அதன் முதல் தலைவராக இருந்தவர், உள்ளே குடைந்த மெல்லிய கலங்களுக்குப் பெயர்பெற்ற டேவிட் எல்ஸ்வொர்த்.

இனி கட்டைக்கு வருவோம். பெரிய மரவையின் பாதி வேலை, கட்டை லேத்தில் ஏறுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. முண்டை எந்தப் பக்கமாக அறுப்பது, எந்தப் பக்கத்தை அடியாகவும் எந்தப் பக்கத்தை வாயாகவும் வைப்பது என்ற ஒரே முடிவுதான் கடைசியில் எந்த ரேகை கண்ணுக்குத் தெரியும் என்பதைத் தீர்மானிக்கிறது. அடிமரத்தின் பக்கவாட்டில் அரைக்கோளமாகப் புடைத்த ஒரு முண்டை எடுத்துக்கொள்வோம். அதன் மொட்டுத் தடங்கள் எல்லாம் நடுமரத்திலிருந்து வெளிப்பரப்பை நோக்கி, கூட்டமாக ஆணி அடித்து வைத்தது போலக் கிளம்புகின்றன. வெளிப்பரப்புக்கு இணையாக அறுத்தால் ஒவ்வொரு தடமும் குறுக்கே வெட்டுப்பட்டு வட்டக் கண்ணாகத் தெரியும். வெளிப்பரப்பிலிருந்து உள்நோக்கி நெட்டுக்கு அறுத்தால் அதே தடம் நீண்ட முள்ளாக, கீற்றாகத் தெரியும்.

இதிலிருந்து இரண்டு வழிகள் பிறக்கின்றன. முண்டின் குவிந்த பக்கத்தை மரவையின் அடியாகவும், மரத்திலிருந்து அறுத்த தட்டையான பக்கத்தை வாயாகவும் வைத்தால், மரவையின் வயிறு முண்டின் இயல்பான வளைவையே பின்பற்றும். வெளிப்புறம் முழுவதும் கண்கள் நிறைந்திருக்கும். விளிம்பு சமமான வட்டமாக வரும். இதற்கு மாறாகக் குவிந்த பக்கத்தை மேலே வைத்தால், பட்டையோ பட்டை உரித்த மேடுபள்ளமோ அப்படியே விளிம்பாக நின்று, ஏறி இறங்கும் இயற்கை வாய் கிடைக்கும். பக்கச் சுவரில் கீற்றுகள் ஓடும், கண்கள் அடியில் மட்டும் தெரியும். இயற்கை விளிம்பு பார்ப்பவரை உடனே கவரும். ஆனாலும் புதிதாகக் கற்பவர் முதல் வழியைத் தேர்வதே நல்லது என்பது என் கருத்து. விளிம்பு முழு வட்டமாக இருந்தால் உளி இடைவிடாமல் மரத்தில் நிற்கும். இயற்கை விளிம்பிலோ உளி ஒரு சுற்றுக்குள்ளேயே பலமுறை காற்றிலும் மரத்திலும் மாறி மாறி விழும், சுழலும்போது அந்த விளிம்பின் முனைகள் கண்ணுக்கே தெரியாது.

அறுப்பதற்கு முன் பட்டையை உரித்துப் பார்ப்பது எப்போதும் பயன் தரும். பச்சையாக இருக்கும்போது மழுங்கிய உளியைப் பட்டைக்கு அடியில் செலுத்தி நெம்பினால் தோலாகக் கழன்று வரும். அதன் கீழே ஈரமாக, வெளிறிய நிறத்தில், கூரிய சிறு முனைகள் நெருங்கி நிற்கும் பரப்புத் தெரியும். விரலால் தடவினாலே முனைகள் எங்கே நெருக்கம், எங்கே வெறுமை என்று உணரலாம். முனைகள் நெருங்கிய இடத்தில் உள்ளேயும் கண்கள் நெருங்கியிருக்கும். இரண்டு புடைப்புகள் சந்திக்கும் பள்ளங்களைக் கவனமாகப் பார்க்க வேண்டும். வளரும்போது உள்ளே சிக்கிய பட்டை அங்கேதான் ஒளிந்திருக்கும். கட்டையைச் சுத்தியலால் தட்டிக் கேட்பதும் உண்டு. கணீரென்ற ஒலி மங்கி ஓரிடத்தில் பொத்தென்று கேட்டால் அங்கே பொந்தோ அழுகலோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கல்லும் ஆணியும் முள்வேலிக் கம்பியும் அடிமூட்டுக் கட்டைகளில் புதைந்திருப்பது இயல்பு. ரப்பர் மரமானால் பால் சிரட்டையைத் தாங்கும் கம்பியின் துண்டும் இருக்கலாம். வாள் படுவதற்கு முன் உலோகம் காட்டும் கருவியை ஒருமுறை ஓட்டிவிடுவது வாளுக்கும் கைக்கும் பாதுகாப்பு.

முண்டு அல்லாத சாதாரணத் தடியிலோ கவையிலோ கடைவதாக இருந்தால், நடுத்தண்டை (தடியின் நட்டநடு மையத்தை) மரவைக்குள் வைக்காமல் அறுத்து நீக்குவது தவறக் கூடாத விதி. மரம் காயும்போது வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கம், அவற்றுக்குக் குறுக்கே ஏற்படும் சுருக்கத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நடுத்தண்டு உள்ளே இருந்தால் இந்த வேறுபாடு முழுவதும் அங்கிருந்து கதிர்போல் பிளக்கும் வெடிப்பாக வெளிப்படும்.

அறுத்து வட்டமாக்கிய கட்டையின் எடையை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். 20 அங்குல விட்டமும் 8 அங்குல உயரமும் உள்ள பச்சைக் கட்டை ஏறத்தாழ 40 கிலோ இருக்கும். இதை ஒருவர் தனியாகத் தூக்கி ஸ்பிண்டிலில் (லேத்தின் சுழலும் தண்டில்) திருகுவது முதுகுக்கும் லேத்துக்கும் கேடு. லேத்தும் இந்த எடைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். சொப்புச் சாமான் கடையும் சிறிய லேத் இதற்கு உதவாது. 24 அங்குலம் வரை சுழல இடமுள்ள, தரையில் போல்ட் போட்டு இறுக்கிய அல்லது மணல் மூட்டைகளால் கனம் கூட்டிய, குறைந்தது 2 குதிரைத்திறன் மோட்டாரும் வேகத்தைப் படிப்படியாக மாற்றும் வசதியும் கொண்ட லேத் வேண்டும்.

வேகத்தைப் பற்றித் தொடக்கக்காரர்களிடம் ஒரு தவறான எண்ணம் உண்டு. நிமிடத்துக்கு 400 சுற்று என்றால் மெதுவானது என்று நினைத்துவிடுகிறார்கள். சுற்று எண்ணிக்கை ஒன்றே ஆனாலும் விளிம்பின் வேகம் விட்டத்தோடு கூடுகிறது. 10 அங்குலக் கட்டை 400 சுற்றில் சுழன்றால் அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 19 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. 20 அங்குலக் கட்டைக்கு அது 38 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. கடைசல்காரர்கள் வழக்கமாகக் கைக்கொள்ளும் கணக்கு இது: அங்குலத்தில் விட்டத்தையும் நிமிடச் சுற்றையும் பெருக்கினால் 6000 முதல் 9000-க்குள் இருக்க வேண்டும். 20 அங்குலத்துக்கு 300 முதல் 450 வரை வரும். ஆனால் இது வட்டமாகிச் சமநிலைப்பட்ட கட்டைக்கான கணக்கு. புதிதாக ஏற்றிய முண்டுக் கட்டையை லேத்தின் மிகக் குறைந்த வேகத்திலிருந்து தொடங்கி, லேத் அதிர ஆரம்பிக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்திக்கொள்ள வேண்டும். சாய்வான எடையைக் கடைந்து நீக்க நீக்க அதிர்வு குறையும்; வேகத்தை அதற்கேற்பவே கூட்ட வேண்டும்.

கட்டையை லேத்தில் பிடிப்பதற்கு, தாடைகளால் கவ்வும் சக் இருந்தாலும், பெரிய முண்டுக்கு முதலில் ஃபேஸ் பிளேட்டே (திருகுகளால் கட்டையில் பொருத்தும் உலோகத் தட்டே) நம்பகமானது. சக்கின் தாடைகள் கவ்வுவதற்காகக் கட்டையின் அடியில் கடையும் குடுமி, நார் நேராக உள்ள மரத்தில் உறுதியாக நிற்கும். முண்டிலோ நார் துண்டு துண்டாக இருப்பதால் குடுமி திடீரென்று மொட்டையாக ஒடிந்துவிடக்கூடும். ஆகவே பிற்பாடு வாயாகக் குடைந்து நீக்கப்போகும் தட்டையான பக்கத்தில் ஃபேஸ் பிளேட்டை வைத்து, பட்டையோ அதை ஒட்டிய மென்மையான வெள்ளை மரமோ இல்லாத உறுதியான மரத்துக்குள், குறைந்தது ஒன்றரை அங்குலம் இறங்கும் தடித்த மரத் திருகுகளை எல்லாத் துளைகளிலும் இறுக்க வேண்டும். பிளைவுட் வேலைக்கு வரும் மெல்லிய கறுப்புத் திருகுகள் அதிர்வில் தலை முறிந்துவிடும். மறுமுனையைத் தாங்கும் டெயில் ஸ்டாக்கைக் கொண்டுவந்து அழுத்தி, கட்டை முழுவதும் உருண்டு வரும் வரையில் அதை எடுக்காமல் இருப்பதே முறை.

லேத்தை இயக்குவதற்கு முன் கட்டையைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி எங்கும் தட்டவில்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சுவிட்சைப் போடும்போது கட்டை சுழலும் தளத்துக்கு நேர் எதிரே நிற்காமல் ஒரு பக்கமாக விலகி நிற்க வேண்டும். ஒரு துண்டு பிய்ந்தால் அந்தத் தளத்தில்தான் பறக்கும். முண்டில் துண்டு பறப்பது அரிய நிகழ்வு அல்ல. முகம் முழுவதையும் மறைக்கும் கவசம் கட்டாயம், வெறும் கண்ணாடி போதாது. பட்டறைகளில் லுங்கி கட்டிக்கொண்டு, தோளில் தோர்த்து (துண்டு) போட்டபடி லேத்தில் நிற்பவர்களை இன்றும் பார்க்கிறேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது. துணியின் ஒரு முனை சிக்கினால் நிறுத்துவதற்கு நேரமே இருக்காது. இறுக்கமான உடை, குட்டைக் கை, மோதிரமும் கயிறும் இல்லாத விரல்கள் என்பதில் எந்த விலக்கும் கூடாது. பூஞ்சை விழுந்த மரமானால் தூசியைத் தடுக்கும் நல்ல முகமூடியும் சேர்த்து வேண்டும்.

முதலில் வெளிப்புறம். இதற்குப் பயன்படுவது நடுவில் ஓடைபோல் குழிந்த, நீண்ட பிடியுள்ள மரவை உளி. உளியை முதலில் அதைத் தாங்கும் டூல் ரெஸ்ட் மேல் வைத்து, சாணை பிடித்த சரிவு மரத்தை உரசிக்கொண்டு நிற்கும்படி பிடித்து, பிறகு பிடியை மெல்ல உயர்த்தினால் வெட்டு வாய் தானாக மரத்துக்குள் இறங்கும். சரிவு மரத்தில் சாய்ந்து நிற்கும்வரை உளி எவ்வளவு ஆழம் போகலாம் என்பதை அந்தச் சரிவே கட்டுப்படுத்துகிறது. சரிவு விலகி வெட்டு வாய் மட்டும் மரத்தைத் தொட்டால் உளி சட்டென்று உள்ளே இழுக்கப்பட்டுவிடும். நார் நேராக உள்ள மரத்தில் வெளிப்புறத்தை அடியிலிருந்து விளிம்பை நோக்கியும், உட்புறத்தை விளிம்பிலிருந்து நடுவை நோக்கியும் கடைய வேண்டும் என்பது பொது விதி. அப்போதுதான் வெட்டுப்படும் ஒவ்வொரு நாருக்கும் பின்னால் தாங்க இன்னொரு நார் இருக்கும். முண்டில் எந்தத் திசையில் போனாலும் சில நார்கள் எதிர்த்தே நிற்கும். எனவே அங்கே திசையைவிடக் கூர்மைதான் காப்பு: அடிக்கடி சாணை, மெல்லிய வெட்டு, அவசரமில்லாத நகர்வு. சிம்பு நீண்ட சுருளாக வராமல் பொடியாகவும் துணுக்காகவும் உதிர்வதைக் கண்டு புதியவர்கள் தம் கை சரியில்லை என்று நினைப்பார்கள். முண்டின் இயல்பே அதுதான். நார் நீளமாக இல்லாதபோது சுருள் நீளமாக வர வழியில்லை.

வெளிப்புறம் உருவானதும், அடியில் சக்குக்கான அகன்ற குடுமியையோ உள்வாங்கிய பள்ளத்தையோ கடைய வேண்டும். குடுமியின் விட்டம் மரவை விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. அந்த இடத்தில் மரம் நலிவாகத் தெரிந்தால், உறுதியான வேறொரு மரவட்டத்தை அடியில் ஒட்டி அதைக் குடுமியாக்கிக்கொள்வது பாதுகாப்பானது. பின் கட்டையைத் திருப்பிப் பிடித்து உட்புறத்தைக் குடைகிறோம். உளி டூல் ரெஸ்டைத் தாண்டி உள்ளே நீள நீள நெம்பு விசை கூடும் என்பதால், டூல் ரெஸ்டை மரவைக்குள்ளேயே திருப்பி வெட்டும் இடத்துக்கு அருகில் வைத்துக்கொள்ள வேண்டும். அடி எவ்வளவு ஆழத்தில் நிற்க வேண்டும் என்பதை முதலிலேயே நடுவில் துளையிட்டுக் குறித்துவிட்டால், குடையும் உற்சாகத்தில் அடியே இல்லாத மரவை உருவாகும் ஆபத்து நீங்கும்.

பச்சை மரத்தில் நேரடியாக மெல்லிய மரவை கடைந்தால் காயும்போது கோணலாகிவிடும். அதனால் முதல் கடைசலில் சுவரை விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்கு விட்டுவைப்பது வழக்கம். 20 அங்குல மரவைக்கு 2 அங்குலம். காயும்போது வட்டம் முட்டை வடிவமாகும், இரண்டாம் கடைசலில் மீண்டும் வட்டமாக்க இந்தக் கனம் இடம் தரும். மரத்தின் ஈரம் சுமார் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கும்வரை சுருக்கம் பெரிதாக இராது. அதற்குக் கீழே இறங்கும்போதுதான் நாரின் சுவர்களே சுருங்கத் தொடங்குகின்றன. மேற்பரப்பு முந்திக்கொண்டு காய்ந்து, உட்பகுதி இன்னும் ஈரமாகவே நின்றால் வெடிப்பு நிச்சயம். காயவைப்பதன் கலை முழுவதும் இந்த வேறுபாட்டைக் குறைப்பதில்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் ஊரின் காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரே மாவட்டத்துக்குள் குலசேகரமும் ஆரல்வாய்மொழியும் இருக்கின்றன. மேற்கே மலையடிவாரத்தில் இரண்டு பருவமழையும் பெய்து காற்றில் ஈரம் நிற்கிறது. அங்கே மரவை மெதுவாக, வெடிக்காமல் காயும், ஆனால் பூசணமும் நீலக்கறையும் பிடிக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, திறந்த திண்ணையில் வைத்த பச்சை மரவையைச் சில நாட்களிலேயே பிளந்துவிடும். மேற்கே இருப்பவர் மரவையை நிழலில், காற்று மெல்ல உலவும்படி மரச்சட்டங்களின் மேல் வைக்க வேண்டும். கிழக்கே இருப்பவர் வெளிப்பரப்பில் உருக்கிய மெழுகைப் பூசி, காகிதப் பைக்குள் போட்டு, காற்றுப் படாத அறையில் வைக்க வேண்டும். ரப்பர் மரமானால் இருபுறத்தாரும் இன்னொரு வேலையைத் தாமதிக்காமல் செய்தாக வேண்டும். அதில் மாவுச்சத்து மிகுதியாக இருப்பதால் வெட்டிய சில நாட்களிலேயே கறைப்பூஞ்சையும், பின்னர் மரத்தைப் பொடியாக்கும் வண்டும் ஏறும். முதல் கடைசல் முடிந்த உடனே போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த நீரில் ஊறவைப்பதே வழி.

எப்போது காய்ந்தது என்று எப்படி அறிவது? மரவையில் தேதியையும் எடையையும் பென்சிலால் எழுதி, சில வாரங்களுக்கு ஒருமுறை தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். எடை தொடர்ந்து குறைந்துவந்து, ஓரிடத்தில் அசையாமல் நின்றால் மரம் அந்த அறையின் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். இரண்டு அங்குலச் சுவருக்கு இது பல மாதங்கள் எடுக்கும். இந்தக் காத்திருப்பில்தான் பலர் பொறுமை இழக்கிறார்கள். முண்டு ஒரு விதத்தில் இங்கே உதவி செய்கிறது. நார்கள் எல்லாத் திசையிலும் பின்னிக் கிடப்பதால் சுருக்கம் எல்லாப் பக்கமும் பரவி, நேர்நார் மரத்தைப் போல விளிம்பிலிருந்து அடிவரை ஒரே வெடிப்பாகப் பிளப்பது குறைவு. அதற்குப் பதில் கண்களைச் சுற்றிச் சிறு வெடிப்புகளும் மேற்பரப்பில் மெல்லிய சொரசொரப்பும் தோன்றும்.

காய்ந்த மரவையை மீண்டும் ஏற்றும்போது அது பச்சையாக இருந்தபோது இருந்த மரம் அல்ல. கடினமாகவும் எளிதில் தெறிப்பதாகவும் மாறியிருக்கும். முதலில் வெடிப்புகளில் மெல்லிய ஃபெவிக்விக் வகைப் பசையை ஊறவிட்டு இறுக்கிக்கொள்ள வேண்டும். பட்டை சிக்கிய பெரிய பொந்துகளை எபாக்ஸியில் மரத்தூளோ காப்பித்தூளோ கலந்து நிரப்பலாம். ஆனால் ஒவ்வொரு துளையையும் அடைத்துவிட வேண்டும் என்றில்லை. உறுதிக்குக் கேடு செய்யாத துளையைத் திறந்தே விடுவது முண்டின் இயல்புக்கு ஏற்றது என்று நான் கருதுகிறேன். பளபளக்கும் வண்ணப் பிசின் மரத்திலிருந்து கண்ணைப் பிடுங்கிக்கொள்கிறது. இரண்டாம் கடைசலில் சுவரை அரை முதல் முக்கால் அங்குலம் வரை கொண்டுவரும்போது, விளிம்பிலிருந்து உள்நோக்கி ஓரிரு அங்குலம் வீதம் முழுமையாக முடித்துக்கொண்டே இறங்க வேண்டும். நடுப்பகுதியைக் குடைந்து நீக்கியபின் பெரிய மரவையின் விளிம்பு தாங்கல் இல்லாமல் அதிரவும் வடிவம் மாறவும் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு விளிம்புக்குத் திரும்பி உளி வைத்தால் அது பற்றிக்கொண்டு மரவை உடைவதற்கே வாய்ப்பு அதிகம்.

உப்புத்தாளை 80 நம்பரில் தொடங்கி 120, 180, 240, 320, 400 என்று வரிசை தவறாமல் போட வேண்டும். சுழலும் மரவையில் தாளைக் கையால் அழுத்தினால் வட்டக் கீறல்கள் விழும். டிரில்லில் மாட்டும் சிறு வட்டத் தாளால் தேய்ப்பது பெரிய மரவைக்கு ஏற்றது. கண்கள் கடினமாகவும் அவற்றைச் சுற்றியுள்ள மரம் மென்மையாகவும் இருப்பதால், வெறும் விரலால் அழுத்தித் தேய்த்தால் கண்கள் மேடாக நின்றுவிடும். இறுதியில் மரவையைக் கவிழ்த்து, மெத்தென்ற துணியிட்ட மரவட்டத்தின் மீது டெயில் ஸ்டாக்கால் அழுத்திப் பிடித்து, அடியிலிருந்த குடுமியைக் கடைந்து நீக்கிப் பாதத்தைச் சற்றே உள்வாங்கச் செய்தால், மரவை மேசைமேல் ஆடாமல் அமரும்.

எண்ணெய் பூசும் வேளையில்தான் ரேகை முழுவதும் எழுந்து வருகிறது. ஆளிவிதை எண்ணெயையோ டங் எண்ணெயையோ தாராளமாக ஊறவிட்டு, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்து, ஒரு நாளாவது உலரவிட்டு, மீண்டும் பூசுவதைச் சில முறை செய்ய வேண்டும். முண்டில் நாரின் வாய்கள் எங்கும் திறந்திருப்பதால் அது சாதாரண மரத்தைவிட அதிக எண்ணெய் குடிக்கும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடக் கூடாது. அந்த எண்ணெய் உலரும்போது வெப்பம் வெளிவிடுகிறது. சுருண்ட துணிக்குள் வெப்பம் தேங்கி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். மரச்சிம்பு நிறைந்த பட்டறையில் இதைவிடப் பெரிய ஆபத்து இல்லை. துணியை விரித்துக் கொடியில் காயவிட்டோ, தண்ணீரில் நனைத்தோதான் அப்புறப்படுத்த வேண்டும்.

எண்ணெய் முழுவதும் உலர்ந்த பிறகு மெழுகு தேய்த்து மெருகேற்றிய மரவையை வீட்டில் எங்கே வைப்பது என்பதும் யோசிக்க வேண்டியதே. பலா மரவை மஞ்சளாகத் தொடங்கி வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பாக மாறும். ஒரே பக்கம் வெயில் விழும் ஜன்னலோரத்தில் வைத்தால் பாதி ஒரு நிறமும் பாதி இன்னொரு நிறமுமாகிவிடும். ஏசி ஓடும் அறைக்குக் கொண்டுபோனால் மரம் மேலும் ஈரம் இழக்கும். அங்கே வைக்கப்போகும் மரவையை இரண்டாம் கடைசலுக்கு முன்பே சில வாரங்கள் அந்த அறையில் வைத்திருந்து பழக்கிவிடுவது நல்லது. தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிடுவதற்கு வெண்கல உருளி இருக்கிறது. மரவையில் தண்ணீர் ஊற்றக் கூடாது.